அண்டாவுக்குள் சைலன்சர்

காரை மாற்றிக் கட்ட முதலில் வேண்டியது நல்ல ஸ்பானர் செட் என்று யாராவது சொன்னால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். முதலில் வேண்டியது காரணம். அதுவும் வீட்டில் செல்லுபடியாகிற காரணம். “இழுவை கூடும்”, “வளைவில் சாயாது”, “சத்தம் கேட்கவே சுகமா இருக்கும்” என்பவையெல்லாம் உண்மைக் காரணங்கள். அதனாலேயே சபையில் எடுபடாது. “அம்மாவுக்கு இடுப்பு வலிக்காது”, “ஏசி நல்லாக் குளிரும்”, “பெட்ரோல் மிச்சமாகும்” என்ற மூன்றில் ஏதாவது ஒன்றுக்குள் எந்த உதிரி பாகத்தையும் அடக்கத் தெரிந்தவன்தான் நிஜமான கார் பைத்தியம். மற்றவர்கள் வெறும் பணக்காரர்கள்.

என்னுடையது ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர் பெட்ரோல். 1999 கடைசியில் சந்தைக்கு வந்த வண்டி. மறைமலை நகரில் செய்து, ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் போட்டார்கள், மறைமலையடிகள் மன்னிப்பாராக. 92 குதிரைத் திறன். அன்றைய சாதா மாருதி 800-க்கு நாற்பதுகூடக் கிடையாது என்பதை நினைத்துக்கொண்டால் இதன் பெருமை புரியும். எனக்குப் புரிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் பொள்ளாச்சியிலிருந்து மாமனார் பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டினேன். அவர் நேராகப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கையால் முழம் போட்டுப் பார்த்தார்.

“மூட்டை ரெண்டு போகுமுங்களா மாப்பிள்ளை?”

பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் மாமனார் கிடைப்பது பாக்கியம்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்து வெறும் காரோடு திரும்ப முடியாது. டிக்கி நிறையத் தேங்காய், பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும், அவர்கள் காலடியில் இளநீர்க் குலை. பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் வெளிச்சம் மரத்து உச்சியைத் தேடும். எதிரே வருகிறவர்கள் “டிம் பண்ணுய்யா” என்று திட்டிக்கொண்டே போவார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இதைவிட நல்ல காரணம் ஒருவனுக்கு வாய்க்குமா? “தேங்காய் பாரம் தாங்கல, ஸ்பிரிங் மாத்தணும்” என்றேன். பிறந்த வீட்டுத் தேங்காய் என்பதால் மனைவியிடமிருந்து மறுபேச்சே இல்லை. பின்னால் மாற்றினால் முன்னாலும் மாற்றத்தானே வேண்டும்? ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைக்க முடியுமா? நாலு பக்கமும் கெட்டி ஸ்பிரிங், அதற்கேற்ற கெட்டி ஷாக். வண்டியின் உயரமும் ஒரு விரற்கடை குறைந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கெட்டி ஸ்பிரிங்கின் சுபாவம், பாரம் இருந்தால் பணியும், இல்லாவிட்டால் துள்ளும். தேங்காயோடு பொள்ளாச்சி ரோட்டில் வரும்போது வண்டி அசையாது, சாயாது. மனசுக்குள் பந்தயம் ஓடும். வெறும் டிக்கியோடு உக்கடம் போனால் வேகத்தடைக்கு வேகத்தடை அம்மாவின் தலை கூரையை விசாரித்துவிட்டு வரும். வேறு வழியில்லாமல் டிக்கியில் ஒரு மூட்டை தேங்காயை நிரந்தரமாகவே போட்டுவைத்தேன். மாமனார் தரும் காய் தீர்ந்தபோது மார்க்கெட்டில் வாங்கியும் போட்டேன். மனைவி கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, தேங்காய்க்காக ஸ்பிரிங் மாத்தினீங்க. இப்ப ஸ்பிரிங்குக்காகத் தேங்காய் வாங்கறீங்க.”

எங்கள் வீட்டில் எஞ்சினியரிங் அறிவு யாருக்கு இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

அடுத்து அலாய் வீல். டயரின் பக்கவாட்டில் எண்கள் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். என் வண்டியில் இருந்தது 175/65 ஆர்14. அதாவது டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், அதன் சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 14 அங்குலம். நான் ஆசைப்பட்டது 195/50 ஆர்15. ரிம் ஒரு அங்குலம் பெரிதானாலும் சுவர் குறைந்துவிடுவதால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் ஒரு சதவீதம் சொச்சம். ஸ்பீடாமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. அகல டயர், தரையை நன்றாகப் பிடிக்கும். “பிரேக் அடிச்சா உடனே நிக்கும், குழந்தைகளுக்குப் பாதுகாப்பு” என்று சொல்லி, விட்டக் கணக்கைத் தாளில் போட்டே மனைவிக்குக் காட்டினேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதே தாளில் டயர்ச் சுவர் 114 மில்லிமீட்டரிலிருந்து 98-க்கு இறங்கும் கணக்கை மட்டும் போடவில்லை. தாளில் இடமில்லை.

அந்தப் பதினாறு மில்லிமீட்டர் காற்றும் ரப்பரும்தான் இத்தனை நாளும் அம்மாவின் இடுப்பைக் காப்பாற்றி வந்திருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ஒவ்வொரு இடமும் இப்போது சீட் வழியாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

“ஏங்கண்ணு, ரோடெல்லாம் இப்பிடிக் கெட்டுப்போச்சு?”

“மழைம்மா.”

அது ஏப்ரல் மாதம். அம்மா பெருந்தன்மையானவர்.

கோயம்புத்தூரில் கார் பைத்தியமாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஊருக்கே இந்த வியாதி இருப்பதால் தனியாகத் தெரியமாட்டோம். எஸ். கரிவரதன் 1980களிலேயே மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்ப் பிள்ளை. ஆகவே இங்கே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கூட வண்டியைச் சுற்றி வந்து, “கேம்பர் கொஞ்சம் சாஸ்தி வெச்சிருக்கீங்க போல” என்பார். கேட்டதும் நமக்குப் புல்லரிக்கும். அடுத்து “மைலேஜ் என்ன தருதுங்க?” என்பார். அதற்குப் பதில் சொல்லாமல் பன் பட்டர் ஜாம் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

இன்னொரு சௌகரியம் லேத்துப் பட்டறைகள். பம்ப் செட்டுக்காக வளர்ந்த தொழில், எங்களையும் வாழவைக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கு ஒரு ரப்பர் புஷ் உண்டு. இருபது வருஷத்து ரப்பர் என்ன ஆகும்? வெடித்து, பிரேக் அடிக்கும்போதெல்லாம் ‘டொக்’ என்றது. கடையில் கிடைத்தது வேறொரு வண்டியின் புஷ். வெளிவட்டம் கொஞ்சம் பெரிது. “அம்மாவுக்கு இடுப்பு வலிக்காது” என்று வீட்டில் சொல்லிவிட்டு, பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரர் எதுவும் பேசவில்லை. பழைய புஷ்ஷை வாங்கி, வேட்டி நுனியால் கிரீஸைத் துடைத்து, வெர்னியரை வைத்தார். சாக்பீஸால் தரையில் ஒரு எண்ணை எழுதினார். புதுசையும் அளந்து பக்கத்திலேயே எழுதினார். இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சக்கில் மாட்டி மெல்லிசாகச் சீவ ஆரம்பித்தார். சுருள் சுருளாக இரும்பு விழுந்தது. கழற்றி, ஆர்மின் கண்ணில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். நுனி மட்டும் போய் நின்றது. “மீதி பிரஸ்ஸில போவட்டுங்க” என்றார். கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வீட்டிலும் நம்பவில்லை. அவ்வளவு குறைவாக நான் சொல்லும்போதுதான் அங்கே சந்தேகம் வரும்.

மாட்டுகிற இடத்தில்தான் தகராறு. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டியைத் தரையில் இறக்கியதும் திருகிக்கொண்டு கிடக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். இதை எங்கள் மெக்கானிக்கிடம் சொன்னேன்.

“அதெல்லாம் புக்குல போட்டிருப்பாங்க சார்.”

“அதனாலதான் சொல்றேன்.”

“பாரம்தானே வேணும்? அதான் டிக்கியில தேங்காய் வெச்சிருக்கீங்களே.”

அவர் கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவார். ஆனால் தனக்குத் தேவையில்லை என்று தோன்றிய பாகத்தை வண்டிக்கும் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஒருமுறை வண்டி சூடாகிறது என்று விட்டேன். மாலையில் போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “இது குளிர் நாட்டுக்காரனுக்குங்க. நம்மூர் வெயிலுக்கு எதுக்கு?” ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினீர்களா என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. “சிறுவாணித் தண்ணி ஊத்தியிருக்கேன் சார்.”

கோவைக்காரனிடம் இதற்கு மேல் வாதாட முடியாது. சிறுவாணியைக் குறை சொல்லிவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையும் உயரும். சிறுவாணி தித்திக்கும், எஞ்சின் அதை ரசிக்காது. தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு சின்னக் கதவு. எஞ்சின் 90 டிகிரிப் பக்கம் வரும்வரை மூடியிருந்து, மெழுகு உருகி விரிந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதைப் பிடுங்கிவிட்டால் எஞ்சினுக்குச் சூடு ஏறவே நேரமாகும். குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். புது தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் வாங்கியபோது “பெட்ரோல் மிச்சமாகும்” என்று வீட்டில் சொன்னேன். அந்தக் காரணம் உண்மையாகவே இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். ஒருவரும் நம்பவில்லை.

சைலன்சர் விஷயத்துக்கு வருகிறேன். பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, ஒட்டுப்போட்டுக்கூட ஓட்டியிருக்கலாம். “புகை உள்ளே வருது, குழந்தைங்களுக்கு ஆகாது” என்றதும் உடனே அனுமதி கிடைத்தது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டினேன். குதிரைத் திறன் ஒன்றோ இரண்டோ கூடியிருக்கலாம். அந்த இரண்டு குதிரைகளும் கனைக்கிற சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது. வீட்டில் ஆட்சேபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. நான் எந்த பேக்கரியில் நிற்கிறேன், எப்போது கிளம்பினேன் என்பது இனி போன் போடாமலே தெரியும் என்பதால் மனைவிக்கு அதில் பரம திருப்தி.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. கழற்றிய ஒரிஜினல் பாகத்தை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடக் கூடாது. ஏனென்றால் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரமும் கம்பெனி தந்த விவரமும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அது கேரளத்து வழக்கு. வாளையார் தாண்டினால் இந்த விஷயத்தில் கறார் இன்னும் அதிகம். ஆகவே ஸ்டீல் ரிம்கள், ஸ்பிரிங்குகள், ஏர் ஃபில்டர் பெட்டி, பிறகு ஒட்டுப்போட்டு வைத்த பழைய சைலன்சர் எல்லாம் எங்கள் வீட்டு லாஃப்டில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே ஏற்கெனவே மனைவி சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா இருந்தது. பெரிய அண்டா, உள்ளே காலியிடம் நிறைய.

மச்சினி வீட்டில் ஒரு விசேஷம். அந்த அண்டா வேண்டும் என்று ஆட்களோடு வந்துவிட்டார். நான் வீட்டில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு பேர் பிடித்து இறக்கும்போது அண்டா சாய்ந்து, உள்ளேயிருந்து கறுப்பாக, நீளமாக, குழாயோடு ஒன்று ஹாலில் விழுந்து துருவைக் கொட்டியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அப்புறம் மச்சினி கேட்டாராம்:

“ஏனுங்கக்கா, சைலன்சரும் சீர்ல குடுத்தாங்களா?”

அந்த விசேஷத்தில் எனக்குப் பந்தியில் கிடைத்த மரியாதையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

குருவாயூருக்குக் குடும்பத்தோடு போக வேண்டி வந்தபோது முந்தின வாரமே வேலையை ஆரம்பித்தேன். ஃப்ரீ ஃப்ளோ இறங்கியது, ஒட்டுச் சைலன்சர் ஏறியது. பழைய ஸ்பிரிங் திரும்ப உட்கார்ந்தது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று பழைய ரிம்மும் டயரும்கூட. வண்டி மறைமலை நகரிலிருந்து வந்த கோலத்தில் பாலக்காட்டைத் தாண்டியது. எதுவும் துள்ளவில்லை. அம்மா தூங்கிவிட்டார். நடுவில் விழித்து, வெளியே பார்த்து, “கேரளா ரோடு எத்தனை நல்லா இருக்குது பாரு கண்ணு” என்றார். ஆமாம்மா என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையைக் கண்ணாடியில் கவனித்தேன். அன்றிரவு சொன்னார்: “ஏனுங்க, அத்தை இடுப்பு வலிக்குன்னு இதுவரைக்கும் நீங்க மாத்தினதையெல்லாம் கூட்டினா, இடுப்பையே மாத்தியிருக்கலாம்.”

பதினைந்து வருஷம் தாண்டிய காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்டி எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. அந்த நாளுக்காகவும் லாஃப்ட் காலியாகி மறுபடி நிறையும். சமீபத்தில் பெட்ரோலே ஒரு புதுக் காரணத்தைத் தந்திருக்கிறது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும். எத்தனாலுக்குப் பெட்ரோல் அளவுக்குச் சக்தி கிடையாது, ஈரத்தை இழுக்கும், பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களை உப்பவைத்து வெடிக்கவைக்கும். ஃப்யூவல் ஹோஸ் முழுவதையும் மாற்றினேன். அம்மாவின் இடுப்பை இழுக்கவே தேவைப்படவில்லை. “கவர்மென்ட்டே பெட்ரோலை மாத்திருச்சு, நான் ஹோஸை மாத்த வேண்டாமா?” என்றேன். இந்தக் காரணம் இன்னும் பல வருஷம் ஓடும் என்று நம்புகிறேன்.

கவலையெல்லாம் உதிரி பாகத்தைப் பற்றித்தான். ஐகான் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அன்று எங்கள் வீட்டில் துக்கம் அனுஷ்டித்தது நான் ஒருவன்தான். எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட் கிடைத்துவிடுகிறது. கண்ணாடி, பீடிங், விளக்கு இவற்றுக்குத்தான் உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தவமிருக்க வேண்டும். இதே கார் இதே பெயரில் தென்னாப்பிரிக்காவிலும் மெக்ஸிகோவிலும் ஓடியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது அவன் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் என் கதவு பீடிங் வந்தது. “மாமா, எல்லாரும் சாக்லேட் கேப்பாங்க” என்றான். நல்ல பையன், ஆனால் மெக்ஸிகோவில் எனக்கு அக்கா மகன் இல்லை.

போன மாதம் பொள்ளாச்சித் தோப்பில் வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தேன். மேலேயிருந்து காய் ஒன்று விழுந்து வலதுபக்க டெயில் லாம்ப் தூள். மாமனார் ஓடிவந்து சுற்றிப் பார்த்தார். “நல்லவேளைங்க மாப்பிள்ளை, டிக்கிக்கு ஒண்ணும் ஆகலை” என்று சொல்லிவிட்டு, விழுந்த அந்தக் காயையும் எடுத்து உள்ளே போட்டார்.

ஆகவே, இதைப் படிப்பவர்கள் யார் வீட்டுப் பின்கட்டிலாவது, தோட்டத்திலாவது ஒரு பழைய ஐகான் ஓடாமல் கிடந்து, அதில் வலதுபக்க டெயில் லாம்ப் உடையாமல் இருந்தால், தயவுசெய்து பத்திரிகை மூலமாகத் தெரிவியுங்கள். நியாயமான விலை தருகிறேன், நானே வந்து கழற்றிக்கொள்கிறேன். பில் போட்டுத் தருவதாக இருந்தால், ‘இடுப்பு வலித் தைலம்’ என்று போட்டுத் தரவும்.